பி.எஃப். டிரஸ்ட் போர்டுக்கு ஊழியர் தரப்பில் யாரை அனுப்புவது?

காவிரிக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். மாநில அரசுக்குச் சொந்தமான ஒரு நிறுவனத்தில் கிளார்க்காக இருக்கிறேன். பதினேழு வருட சர்வீஸ். எங்கள் பி.எஃப். பணம் வருங்கால வைப்பு நிதி அலுவலகத்துக்குப் போவதில்லை. நிறுவனமே தனி டிரஸ்ட் வைத்திருக்கிறது. அதன் போர்டில் நிர்வாகத் தரப்பில் மூன்று பேர், ஊழியர் தரப்பில் மூன்று பேர். இப்போதைய போர்டின் ஐந்து வருடம் அடுத்த மாதம் முடிகிறது.

ஊழியர் தரப்புப் பெயர்களை அங்கீகரிக்கப்பட்ட சங்கம் எழுதிக் கொடுத்துவிடும். யார் பெயர் போனது என்று எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. எனக்கே இந்த வருடம்தான் தெரிந்தது. அந்த மூவரில் ஒருவர் ஓய்வு பெற்றுப் பதினான்கு மாதம் ஆகிறது. அந்த இடம் இன்னும் காலியாகவே கிடக்கிறது. யாரும் கேட்கவில்லை.

நான் கேட்க ஆரம்பித்ததற்குக் காரணம் உண்டு. பல வருடம் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வேலை பார்த்த அண்ணன் போன வருடம் ரிட்டயர் ஆனார். மகள் கல்யாணத்துக்கு அந்தப் பணத்தைத்தான் நம்பியிருந்தார். அது கைக்கு வர ஒன்பது மாதம் ஆனது. அதற்குள் வட்டிக்கு வாங்கிக் கல்யாணத்தை முடித்துவிட்டார். பி.எஃப். வந்ததும் அதில் ஒரு பங்கு அந்த வட்டிக்கே போனது. அவருடைய பணம், அவர் முப்பத்தொரு வருடம் பிடித்தம் கொடுத்த பணம்.

இப்போது சங்கத்தில் ஒரு சீனியருக்கு மரியாதையாக இந்தப் பதவியைக் கொடுக்கலாம் என்கிறார்கள். நல்ல மனிதர், எனக்கும் அவர் மேல் மதிப்பு உண்டு. ஆனால் அவர் ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம்தான் இருக்கிறது. பொதுக்குழுவில் பேச எனக்குப் பத்து நிமிடம் தருகிறார்கள். என்ன பேச வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மணல்மேடு:

ஒரு சந்தேகம். இந்த போர்டுதான் நம் மாத பென்ஷனையும் முடிவு செய்கிறதா?

வழக்குமன்றம்:

இல்லை. பி.எஃப். பணத்தைத் தானே டிரஸ்ட் வைத்துப் பார்த்துக்கொள்ள அதற்கு மட்டும் விலக்கு வாங்கிய நிறுவனம் என்றால், நிர்வாகத்தின் பங்கிலிருந்து சம்பளத்தில் 8.33 சதவீதம் ஊழியர் ஓய்வூதியத் திட்டத்துக்காக நேராக வைப்பு நிதி அலுவலகத்துக்கே போய்விடும். 15,000 ரூபாய் சம்பள வரம்பில் அது மாதம் 1,250 ரூபாய். மீதியும் நம் பிடித்தமும்தான் டிரஸ்டின் கையில் இருக்கும். கிராஜுவிட்டிக்கு வேறு டிரஸ்ட் இருக்கலாம், அதையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

காவிரிக்கரை தம்பிக்கு: முதலில் விதியைத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு தரப்புக்கும் சம எண்ணிக்கை இருக்க வேண்டும். ஒரு தரப்பில் இரண்டு பேருக்குக் குறையவும் கூடாது, ஆறு பேரைத் தாண்டவும் கூடாது. நிர்வாகம் தன் அதிகாரிகளிலிருந்து ஆட்களை நியமிக்கும். ஊழியர் தரப்பை உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும், அதுதான் அடிப்படை விதி. அங்கீகரிக்கப்பட்ட சங்கம் இருந்தால் அந்தச் சங்கமே பெயர் கொடுக்கலாம் என்பது அதற்கு விலக்காக வருகிறது. பல இடங்களில் அந்த விலக்கே விதி போல ஆகி, தேர்தல் என்ற வார்த்தையே மறந்துவிட்டது.

சேர்மன் நிர்வாகத் தரப்பு ஆள். ஓட்டு சமமாகப் பிரிந்தால் அவருக்கு இன்னொரு ஓட்டு உண்டு. அதனால் மூன்றுக்கு மூன்று என்று பேப்பரில் இருந்தாலும் ஓட்டில் நீங்கள் ஜெயிக்கப் போவதில்லை. உங்கள் ஆளின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. கேள்வி கேட்பது, அதை மினிட்ஸில் ஏற்றுவது, உடன்பாடு இல்லை என்றால் அதை எழுத்தில் கொடுப்பது.

இது ஏன் முக்கியம் என்றால், 1882-ஆம் வருட இந்திய அறக்கட்டளைச் சட்டத்தின்படி டிரஸ்டி என்பவர் பெயரளவு ஆள் கிடையாது. சாதாரண விவேகம் உள்ள மனிதன் தன் சொந்தப் பணத்தைப் பார்த்துக்கொள்வது போல டிரஸ்ட் பணத்தையும் பார்க்க வேண்டும் என்கிறது 15-வது பிரிவு. சேர்ந்து தவறு செய்தால் மொத்த நஷ்டத்துக்கும் ஒவ்வொருவரும் பொறுப்பு, அது 27. எல்லாவற்றையும் விட 26-வது பிரிவைத்தான் பொதுக்குழுவில் வாசித்துக் காட்டுங்கள். உடன் இருக்கும் டிரஸ்டி தவறு செய்வது தெரிந்தும் மறைத்தாலோ, பணத்தைக் காப்பாற்ற நியாயமான காலத்துக்குள் நடவடிக்கை எடுக்காமல் விட்டாலோ, பேசாமல் இருந்தவரும் பொறுப்பாகிறார். மரியாதைக்குப் பதவி கொடுக்கிறோம் என்று நினைத்து அந்தப் பெரியவர் தலையில் என்ன ஏற்றுகிறீர்கள் என்பது அவருக்கும் தெரிய வேண்டும்.

ரசீதுக்கட்டு:

நான் ஆடிட் பக்கம் வேலை பார்ப்பவன். இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன். இரண்டும் எல்லாப் பத்திரிகையிலும் வந்தவை.

ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். என்ற பெரிய நிதி நிறுவனத்தின் கடன் பத்திரங்களுக்கு 2018 ஜூலையில் ஏ.ஏ.ஏ. ரேட்டிங் இருந்தது. ரேட்டிங் என்பது கடனைத் திருப்பித் தருவார்களா என்பதற்குக் கொடுக்கும் தரம். அதற்கு மேல் ரேட்டிங் கிடையாது. செப்டம்பர் நடுவில் அது ‘டி’ ஆனது, அதாவது கடனைக் கட்டத் தவறியது. அதற்குக் கீழே படி கிடையாது. விதிப்படிதான் வாங்கினோம், ரேட்டிங் பார்த்துத்தான் வாங்கினோம் என்று சொன்ன பல பி.எஃப். டிரஸ்ட்களின் பணம் அதில் மாட்டிக்கொண்டது. அவர்கள் சொன்னதில் பொய் இல்லை. ரேட்டிங்கைத் தாண்டி, ஒரே குழுமத்தில் இவ்வளவு பணம் எதற்கு என்று கேட்க மேசையில் ஆள் இல்லாமல் போனதுதான் பிரச்சினை.

அடுத்தது உத்தரப் பிரதேச மின்துறை ஊழியர்களின் டிரஸ்ட். 2017 மார்ச்சிலிருந்து 2018 டிசம்பர் வரை 4,100 கோடி ரூபாய்க்கு மேல் டி.எச்.எஃப்.எல். என்ற தனியார் வீட்டுக்கடன் நிறுவனத்தில் டெபாசிட்டாகப் போனது. 2019-இல் அந்த நிறுவனம் தடுமாறியபோது 2,200 கோடிக்கு மேல் திரும்பி வரவில்லை. அந்த நவம்பரில் ஊழியர்கள் வேலையைப் புறக்கணித்துத் தெருவுக்கு வந்தார்கள். அந்தச் சமயத்தில் நிதி இயக்குநராகவும் டிரஸ்ட் செயலாளராகவும் இருந்தவர்கள் கைதானார்கள். விசாரணை பிறகு சி.பி.ஐ.க்குப் போனது. பணம் யாருடையது? கம்பத்தில் ஏறி வேலை பார்த்த லைன்மேன்களுடையது. எங்கே போட்டார்கள் என்று அவர்களுக்குப் பத்திரிகை பார்த்துத்தான் தெரிந்தது.

ஒரு டிரஸ்டிக்கு எம்.பி.ஏ. தேவையில்லை. எந்தப் பத்திரத்தில் எவ்வளவு, எப்போது முதிர்வு, ஒரே குழுமத்தில் எத்தனை சதவீதம், எந்த ப்ரோக்கர் மூலம் வாங்கினோம், அவரையே ஏன் திரும்பத் திரும்ப? இவ்வளவுதான். கூட்டல் கழித்தல் தெரிந்த, வெட்கப்படாமல் கேட்கிற ஆள் போதும்.

சிவப்புத்துண்டு:

தோழர்களே, நான் முப்பது வருடமாகச் சங்கத்தில் இருப்பவன். சங்கம் பெயர் கொடுப்பதே தப்பு என்பது போலப் பேச்சு போகிறது. அதில் எனக்கு உடன்பாடு இல்லை.

தேர்தல் வைத்தால் என்ன நடக்கிறது என்று பார்த்திருக்கிறேன். பெரிய ஆபீஸில் இருப்பவருக்குத்தான் ஓட்டு விழும். சில இடங்களில் சாதி பார்த்து விழுந்ததையும் பார்த்தேன். நிர்வாகத்துக்கு வேண்டியவர் சுயேச்சையாக நின்று ஜெயித்ததும் உண்டு. அப்புறம் முக்கியமான ஒன்று. தனியாக ஜெயித்து வருகிற ஆளை நிர்வாகம் ஒரு டிரான்ஸ்ஃபர் ஆர்டரில் அடக்கிவிடும். சங்கம் அனுப்பிய ஆளைத் தொட்டால் பின்னால் ஆயிரம் பேர் நிற்பார்கள் என்று தெரியும். நிதித் தலைவர் முன்னால் உட்கார்ந்து “நிர்வாகம் கட்ட வேண்டிய பாக்கி எங்கே?” என்று ஒரு கிளார்க் கேட்க வேண்டுமானால் முதுகுக்குப் பின்னால் ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா?

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். காலியிடத்தைப் பதினான்கு மாதம் நிரப்பாமல் விட்டது சங்கத்தின் தவறு. அதற்கு நியாயம் சொல்ல முடியாது.

வழக்குமன்றம்:

தோழர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துவிட்டன. இதுவரை சங்க அங்கீகாரத்துக்குப் பல இடங்களில் நிர்வாகங்களும் சங்கங்களும் ஒப்புக்கொண்ட 1958-ஆம் வருட ஒழுக்க நெறிதான் (Code of Discipline) ஆதாரம். இனி பல சங்கங்கள் உள்ள இடத்தில் 51 சதவீத ஊழியர் ஆதரவு உள்ள சங்கம்தான் நிர்வாகத்தோடு பேசும் பேச்சுவார்த்தைச் சங்கம், அது இல்லையென்றால் 20 சதவீத ஆதரவு உள்ளவை சேர்ந்து கவுன்சில். வைப்பு நிதித் திட்டத்தின் பழைய விதிகள் மாறுகாலத்துக்குத் தொடர்கின்றன. ‘அங்கீகரிக்கப்பட்ட சங்கம்’ என்று இத்தனை நாள் சொன்னது இன்றும் பொருந்துகிறதா என்று பெயர் அனுப்பும் முன் உங்கள் சங்கம் பார்த்துக்கொள்ளட்டும். இல்லையென்றால் யாராவது கோர்ட்டுக்குப் போய் நியமனத்தையே நிறுத்திவிடுவார்கள்.

பழைய_டிரஸ்டி:

இந்த இழையைப் படித்துவிட்டு இரண்டு நாள் யோசித்தேன். எழுதுகிறேன்.

நான் அந்த நாற்காலியில் ஒரு முழுக்காலம் உட்கார்ந்தவன். எந்த நிறுவனம் என்று சொல்ல வேண்டாம். சங்கம்தான் என் பெயரைக் கொடுத்தது. முதல் கூட்டத்துக்குப் போனபோது நிகழ்ச்சி நிரல் மேசைமேல்தான் கிடைத்தது. நாற்பது பக்கம். கூட்டம் இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்தது. டீ வந்தது, கையெழுத்துப் போட்டேன், பஸ் ஏறி ஊருக்கு வந்தேன். வீட்டில் கேட்டபோது நல்லபடியாக நடந்தது என்றேன்.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது போர்டு கூட வேண்டும். எங்களுக்கு நடுவில் கூட்டமே இல்லாமல் பேப்பர் மட்டும் சுற்றுக்கு வரும். அட்டெண்டர் கொண்டுவருவார், “மற்றவர்கள் போட்டுவிட்டார்கள் சார்” என்பார். நானும் போடுவேன்.

இரண்டாம் வருடம்தான் ஒரு வரி கண்ணில் பட்டது. ‘நிர்வாகத்திடமிருந்து வர வேண்டியது.’ முந்தைய வருடத்தைவிடத் தொகை கூடியிருந்தது. அதற்கு முந்தைய வருடத்தை எடுத்துப் பார்த்தேன், அதிலிருந்தும் கூடியிருந்தது. விஷயம் இதுதான். மாதாமாதம் நம் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள். அதையும் தங்கள் பங்கையும் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் டிரஸ்டுக்குக் கட்ட வேண்டும். நிறுவனத்துக்குப் பணமுடை வந்தால் முதலில் தள்ளிப்போவது இந்தத் தொகைதான். டீசலுக்குக் கடன் சொல்ல முடியாது, கரண்ட் பில்லுக்குச் சொல்ல முடியாது. டிரஸ்டுக்குச் சொல்லலாம். ஏனென்றால் டிரஸ்டின் சேர்மன் அதே நிறுவனத்தின் நிதி அதிகாரி. கடன்காரரும் கடன் கொடுத்தவரும் ஒரே ஆள். காலையில் ஒரு நாற்காலி, மாலையில் ஒரு நாற்காலி.

நம் கையில் கொடுக்கும் பி.எஃப். கணக்கு ஸ்லிப்பில் மட்டும் வட்டியோடு எண் ஏறிக்கொண்டே போகும். அரசு அறிவிக்கிற வட்டிக்குக் குறையாமல் டிரஸ்ட் கொடுத்தாக வேண்டும். 2024-25-க்கு அது 8.25 சதவீதம். ஸ்லிப்பைப் பார்த்து எல்லோருக்கும் சந்தோஷம். வங்கியில் பணம் இருக்காது. ஒருவர் ரிட்டயர் ஆகும்போதுதான் அது தெரியும். காவிரிக்கரை தம்பி சொன்ன ஒன்பது மாதத்துக்கு வேறு காரணமும் இருக்கலாம். ஆனால் நான் பார்த்த தாமதங்களுக்கு இதுதான் காரணம். ஃபைல் நகரவில்லை என்பார்கள், உண்மையில் பணம் நகரவில்லை.

நான் கேட்டேனா? ஒரு தடவை கேட்டேன். “அடுத்த காலாண்டில் கட்டிவிடுவோம், பேப்பரில் ஏற்ற வேண்டாம்” என்றார் சேர்மன். அந்த வருடம் என் பெயர் புரமோஷன் லிஸ்டில் இருந்தது. பேசாமல் இருந்துவிட்டேன். புரமோஷன் வந்தது. அடுத்த மூன்று வருடத்தில் ஓய்வு பெற்றவர்கள் என்னைப் பார்த்து, “நீங்கள் போர்டில் இருக்கிறீர்களே, கொஞ்சம் சொல்லுங்களேன்” என்று கேட்டபோது அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இன்றும் அது மனதை அறுக்கிறது.

அதனால் சொல்கிறேன். புரமோஷன் வாசலில் நிற்பவரை அனுப்பாதீர்கள், என்னை மாதிரி ஆகிவிடுவார். ஓய்வுக்கு எட்டு மாதம் இருப்பவரையும் அனுப்பாதீர்கள். சர்வீஸ் முடிந்தால் டிரஸ்டி பதவியும் முடிந்துவிடும், கணக்குப் புரிகிற நேரத்தில் அவர் வெளியே வந்துவிடுவார். தனி ஆளாக எதிர்த்துப் பேசும் நிலையில் யாரையும் விடாதீர்கள். மூவரும் கூட்டத்துக்கு முன்னால் ஒரு தடவை உட்கார்ந்து பேப்பரைப் படிக்க வேண்டும். நிகழ்ச்சி நிரல் ஒரு வாரம் முன்பே வராவிட்டால் கையெழுத்து இல்லை என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட வேண்டும். முதல் கூட்டத்தில் சொல்லாததைப் பத்தாவது கூட்டத்தில் சொல்ல முடியாது.

மணல்மேடு:

ஐயா, நஷ்டம் வந்தால் நிர்வாகமே ஈடுகட்ட வேண்டும் என்று விதி இருக்கிறதே. அப்படியென்றால் நமக்கு என்ன பயம்?

ரசீதுக்கட்டு:

விதி இருக்கிறது. வட்டியில் குறை வந்தாலும், பணம் கையாடல் ஆனாலும் நிர்வாகம்தான் ஈடுகட்ட வேண்டும். ஆனால் மாதப் பிடித்தத்தையே கட்ட முடியாத நிறுவனம் அந்த நஷ்டத்தை எதிலிருந்து கட்டும்? அரசு கொடுக்கும் வரை காத்திருக்க வேண்டும். இருபத்தைந்து வயதுக்காரர் காத்திருப்பார். ஐம்பத்தெட்டு வயதில் மருத்துவச் செலவோடு வெளியே வருபவர் எப்படிக் காத்திருப்பார்?

களப்பணி_செல்வி:

அண்ணன்மார்கள் எல்லோரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். யாரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன்.

எங்கள் இடத்தில் ஊழியர் தரப்பு டிரஸ்டிகள் எல்லோருமே தலைமை அலுவலக ஆட்கள். ஒரு பெண்கூட இருந்ததில்லை. ஃபீல்டில் வேலை பார்ப்பவர்களிடமிருந்தும் ஒருவர் இருந்ததில்லை. பிரிவுகளுக்கும் கிளைகளுக்கும் முடிந்தவரை இடம் கிடைக்கும்படி எண்ணிக்கையை வைக்க வேண்டும் என்று விதியிலேயே இருக்கிறதாம். ஏன் நடப்பதில்லை? கூட்டம் சென்னையில். ஃபீல்டு ஆள் போனால் ஒரு நாள் லீவு, பஸ் செலவு. அதை டியூட்டியாகப் போட்டுக் கொடுங்கள் என்று யாரும் கேட்டதில்லை.

எங்களில் ஒரு அக்கா கணவர் சர்வீஸில் இறந்தபோது நாமினேஷன் ஃபாரத்தில் பழைய பெயர் இருந்ததால் இரண்டு வருடம் அலைந்தார். போர்டில் ஒரு பெண் இருந்திருந்தால் எல்லோருடைய நாமினேஷனையும் ஒரு தடவை சரிபார்க்க வேண்டும் என்று அவருக்காவது தோன்றியிருக்கும். முதலீட்டைக் கவனிக்கிற மாதிரி இதையும் கவனிக்க வேண்டும்.

தேம்ஸ்ஓரம்:

நான் பிரிட்டனில் இருக்கிறேன். இங்கே ராபர்ட் மேக்ஸ்வெல் என்ற பத்திரிகை முதலாளி 1991 நவம்பரில் இறந்த பிறகுதான் அவருடைய நிறுவன ஊழியர்களின் பென்ஷன் நிதியிலிருந்து நூற்றுக்கணக்கான மில்லியன் பவுண்டு எடுக்கப்பட்டிருந்தது தெரிந்தது. அதன் பிறகு வந்த 1995-ஆம் வருடப் பென்ஷன் சட்டம், டிரஸ்டிகளில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும் என்றது. இந்தியாவில் பாதிக்குப் பாதி. எழுத்தில் பார்த்தால் நம் ஊர் விதி இதைவிட நல்லது. இங்கே டிரஸ்டிகள் திட்ட ஆவணங்களைப் படித்துப் புரிந்துவைத்திருக்க வேண்டும் என்று 2004 சட்டம் கட்டாயமாக்கியது. அது நம் ஊரிலும் வர வேண்டும்.

கலிபோர்னியாவின் பொது ஊழியர் ஓய்வு நிதி போர்டில் 13 பேர். அதில் ஆறு பேர் உறுப்பினர் ஓட்டில் வருகிறவர்கள். அந்த ஆறில் ஒரு இடம் ஓய்வு பெற்றவர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுப்பது.

பழைய_டிரஸ்டி:

ஓய்வு பெற்றவருக்கு ஒரு இடம். படிக்கும்போதே மனதுக்கு நன்றாக இருக்கிறது. அவரை டிரான்ஸ்ஃபர் செய்து பயமுறுத்த முடியாது, புரமோஷன் காட்டி வாங்கவும் முடியாது.

சிவப்புத்துண்டு:

ஓட்டுரிமை கொடுக்க நம் விதியில் இடமில்லை. ஆனால் சங்கம் தன் மூன்று டிரஸ்டிகளுக்கு ஆலோசனை சொல்ல ஓய்வு பெற்ற ஒருவரை வைத்துக்கொள்வதை யாரும் தடுக்க முடியாது. தம்பி, இதைத் தீர்மானமாக எழுதிக் கொண்டுபோங்கள். தேர்தலா நியமனமா என்பதற்கும் ஒரு வழி உண்டு. சங்கத்துக்குள் ரகசிய ஓட்டு வைத்து, ஜெயித்தவர்கள் பெயரையே சங்கம் அனுப்பட்டும்.

வழக்குமன்றம்:

அறக்கட்டளைச் சட்டம் 57-வது பிரிவையும் குறித்துக்கொள்ளுங்கள். பயனாளி டிரஸ்ட் கணக்கையும் ஆவணங்களையும் பார்க்கலாம், நகல் எடுக்கலாம். போர்டில் இருப்பவருக்கு மட்டுமான உரிமை இல்லை, பிடித்தம் கொடுக்கும் ஒவ்வொருவருக்கும் உண்டு.

காவிரிக்கரை:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பொதுக்குழு முடிந்தது.

பத்து நிமிடம் என்றார்கள், அரை மணி நேரம் பேசவிட்டார்கள். 26-வது பிரிவைத் தமிழில் சொன்னேன். அந்தச் சீனியர் ஐயா எழுந்து, “இவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, என்னை விட்டுவிடுங்கள். ஆனால் ரிட்டயர் ஆன பிறகு ஆலோசனை சொல்ல வேண்டுமானால் வருகிறேன்” என்றார். கை தட்டினோம். அதையே தீர்மானமாக்கிவிட்டார்கள்.

ரகசிய ஓட்டு நடந்தது. ஏழு பேர் நின்றார்கள், நான் நிற்கவில்லை. ஜெயித்தவர்கள் கேஷ் செக்ஷனில் ஒருவர், ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஒருவர், கிளை அலுவலகத்திலிருந்து ஒரு அக்கா. கூட்ட நாளை டியூட்டியாகக் கணக்கிட வேண்டும் என்று நிர்வாகத்துக்குக் கடிதம் போயிருக்கிறது, பதில் வரவில்லை. மினிட்ஸ் நகலை நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும் என்ற தீர்மானத்துக்கு மட்டும் எதிர்ப்பு வந்தது, நூலிழையில்தான் நிறைவேறியது.

நேற்று மூவரும் என் வீட்டுக்கு வந்தார்கள். பழைய டிரஸ்டி ஐயா எழுதியதை அச்செடுத்து வைத்திருந்தேன், உட்கார்ந்து படித்தோம். முதல் கூட்டத்தில் கேட்கப் போவது ஒரே கேள்வி என்று முடிவு செய்தார்கள். போன மாதம் எங்கள் சம்பளத்தில் பிடித்த பணம் எந்தத் தேதியில் டிரஸ்ட் கணக்குக்கு வந்தது? அந்த அக்கா அதை டைரியின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டு போயிருக்கிறார்.